கல்யாண ஆப்பிளை அடித்தது யார்

துப்பாக்கி லைசென்ஸை யார் கொடுக்க வேண்டும் என்ற பேச்சை யாகொதாவின் சாராயக்கடையில் யார் தொடங்கினாலும் முடித்துவைப்பது மிலாதின்தான். திரினா ஆற்றுக்கு மேலே இருக்கும் அந்த மலை ஊரில் வேட்டைக்காரர் சங்கத்துக்கு அப்போது அவர்தான் தலைவர். லைசென்ஸே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும், ஆனால் டவுன் போலீஸ் கொடுக்கக் கூடாது, சங்கம்தான் கொடுக்க வேண்டும் என்பார்.

"போலீசுக்குத் துப்பாக்கி நம்பர் தெரியும், ஆளைத் தெரியுமா? எவனுக்குக் கை நடுங்குது, எவன் குடிச்சா பேய் மாதிரி ஆடுவான், எல்லாம் எங்களுக்குத்தான்யா தெரியும்."

யாகொதா கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: "தெரியும், சரி. தெரிஞ்சு எவனுக்காவது இல்லேன்னு சொல்லுவீங்களாண்ணே?"

"சொல்லாம? என் கூமுக்கே சொல்லுவேன்!"

பக்கத்து நாற்காலியில் ஒப்ரென் சிரிப்பார். "சொல்லித்தான் பாரேன். அடுத்த தடவை உனக்குச் சாட்சி நிக்க வேற ஆளைப் பாத்துக்க."

ஒப்ரென்தான் அந்தக் கூம். மிலாதினின் கல்யாணத்தில் சாட்சி நின்றவர், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவர். கூடப்பிறந்தவனோடு கூடச் சண்டை போடலாம். கூமோடு முடியாது. அந்த மலையில் அது அப்படித்தான்.

அந்த வசந்தத்தில் ஒப்ரெனின் பேரனுக்குக் கல்யாணம். பெண் வீட்டு வாசலில் உயரமான மரத்தின் உச்சியில் ஓர் ஆப்பிளைக் கட்டிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு விழுத்தாமல் பெண்ணைப் பார்க்க முடியாது. "என் பேரன் கல்யாணத்துல ஆப்பிள் என்னுது" என்று ஒப்ரென் முன்னால் வந்து நின்றார்.

முதல் குண்டு இலையைக்கூடத் தொடவில்லை. அடுத்ததும் அப்படியே.

"தாத்தா, ஏணி வேணுமா?" என்று பெண் வீட்டுப் பையன்கள் கூச்சல் போட்டார்கள்.

ஒப்ரென் மரத்தைப் பார்க்கவில்லை, மரம் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறார் என்பது பின்னால் நின்ற மிலாதினுக்குத் தெரிந்துவிட்டது. பனிக்காலம் முதலே சந்தேகம்தான். கோப்பையை மேசைக்கு வெளியே வைத்ததையும், பாதிரியாரைப் பெண் என்று நினைத்துக் கும்பிட்டதையும் அவர் பார்த்திருக்கிறார். கூமின் கழுத்து சிவந்து வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் போய்த் தன் துப்பாக்கியை எடுத்தார். தாரை ஊத, கொட்டு முழங்க, ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்ரென் விசையை இழுத்த அதே நொடியில் மிலாதினும் இழுத்தார்.

ஆப்பிள் சிதறியது. ஒப்ரெனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவர் அழுதுகொண்டே மிலாதினைக் கட்டிப்பிடித்தார். "பாத்தியா கூமே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் மிலாதின்.

அதோடு போயிருந்தால் கல்யாண விளையாட்டு. ஆனால் ஒப்ரெனின் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது. தூன்யா என்ற இளம் போலீஸ்காரி டவுனிலிருந்து வந்தாள்.

"டாக்டர் பிடி கொடுக்காம எழுதிட்டாருய்யா. கண்ணு சுமார், ஊர்ல விசாரிச்சுக்கங்கன்னு. நீங்கதானே எப்பவும் எங்களைக் கேளுங்க, எங்களைக் கேளுங்கம்பீங்க? இதோ கேக்குறேன். அவரு கண்ணு எப்படி?"

வாழ்நாளெல்லாம் கேட்ட அதிகாரம் வாசல்படியில் வந்து நின்றது. மிலாதின் அவளுக்கு ஒரு கோப்பை ஊற்றினார். "உச்சாணிக் கொம்புல இருந்த ஆப்பிளை அடிச்சாரும்மா. ஊரே பாத்துச்சு."

அவர் சொன்னதில் ஊர் பார்த்தது மட்டும் உண்மை.

இலையுதிர் காலத்தில் பன்றி வேட்டை நடந்தது. சோளக்காட்டில் சலசலப்புக் கேட்டு ஒப்ரென் சுட்டார். உள்ளே பன்றியை விரட்டிக்கொண்டு வந்தவன் ராத்கோ, யாகொதாவின் கணவன். குண்டு முழங்காலைப் பிளந்தது.

ராத்கோவுக்கும் ஒப்ரெனுக்கும் ஒரு வால்நட் மரத்துக்காக எல்லைத் தகராறு இருந்ததை ஊர் மறக்கவில்லை. "ஆப்பிளை அடிச்ச கண்ணுக்கு என் புருஷனைத் தெரியலையா?" என்று யாகொதா ஆஸ்பத்திரி வாசலில் கதறினாள். போலீசும் அதையேதான் கேட்டது. கொலை முயற்சி என்று ஒப்ரெனைப் பிடித்து வைத்தார்கள். அவரோ, "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, ஆப்பிளை அடிச்சவன் நான்" என்று வீம்பாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறார் என்பது அவருக்குப் புரியவில்லை. அந்தக் கயிற்றின் நாரை எடுத்துக் கொடுத்தது யார் என்பது மிலாதினுக்குப் புரிந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

"ஆப்பிளை அடிச்சது நான்ம்மா" என்று தூன்யாவின் மேசைமேல் துப்பாக்கியை வைத்தார்.

அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஏன்யா சொல்லல?"

"சொல்லிட்டு என் கூம் முகத்துல முழிக்கணுமே."

அவருடைய லைசென்ஸ் போயிற்று, தலைவர் பதவியும் போயிற்று. ஒப்ரெனின் கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். கண்புரை. அறுவை செய்தார்கள், பார்வை வந்துவிட்டது. கொலை முயற்சி வழக்கையும் கைவிட்டு, கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் ஒப்ரென் மிலாதின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இப்ப எல்லாம் நல்லாத் தெரியுது கூமே. உன் மூஞ்சில சுருக்கம் தெரியுது. ராத்கோ நொண்டுறதும் தெரியுது. ஆப்பிள் போனாப் போகட்டும். கண்ணு தெரியலடான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வசந்தத்துலயே போய் அறுத்துக்கிட்டு வந்திருப்பேனே."

மிலாதின் இவ்வளவு காலம் கூமின் மானத்தைக் காத்ததாக நினைத்திருந்தார். காத்தது தன் கூச்சத்தை.

இப்போதும் சாராயக்கடையில் அதே பேச்சு ஓடுகிறது. போன வாரம் புதுத் தலைவர், "லைசென்ஸ் கொடுக்கிற உரிமை சங்கத்துக்கு வேணும்னு தலைநகருக்கே போய்க் கேக்கப்போறோம். பெரியவரே, நீங்களும் வரணும்" என்றார்.

உள்ளே ராத்கோவின் கைத்தடி தரையில் தட்டிக்கொண்டு போனது. யாகொதா துடைப்பதை நிறுத்திவிட்டு மிலாதினைப் பார்த்தாள். 'இல்லேன்னு சொல்லுவீங்களாண்ணே' என்ற பழைய கேள்வியை அவள் கேட்கவில்லை.

"நான் வரல" என்றார் மிலாதின். "அந்த டவுன்காரியே பாத்துக்கட்டும். அவளுக்கு இந்த ஊர்ல கூம் கிடையாது."

கோப்பையைத் தொடாமல் எழுந்து, ராத்கோவின் வைக்கோலை ஏற்றப் போனார். ராத்கோவுக்குக் குண்டு பட்ட வருஷம் முதல் அவர்தான் ஏற்றுகிறார். யாகொதா வேண்டாம் என்றும் சொல்வதில்லை, ஒரு வாய் தண்ணீரும் கொடுப்பதில்லை.