குவார்ட்டர்பேக்கின்ர கைப்பட்டி

வால்தம்ஸ்டோவில எங்கட கடைக்கு ஒரு அமெரிக்கன் அடிக்கடி வருவார். நல்ல உயரம். மணிக்கட்டில அகலமான ஒரு பட்டி. அதின்ர மூடியைத் திறந்து பார்த்துப் பார்த்துத்தான் சாமான் எடுப்பார்.

போன கிழமை பகிடியாக் கேட்டன், "என்ன, சோதினைக்குக் கொப்பியடிக்கிறியளோ?"

அவரும் சிரிச்சவர்.

இண்டைக்கு மகளும் கூட வந்தவ. அவர் உள்ளுக்குப் பால் எடுக்கப் போன நேரம், "அதென்ன பட்டி?" எண்டு அவவிட்டைக் கேட்டன்.

"அப்பா கொலிஜில அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினவர். குவார்ட்டர்பேக். பந்தை அடுத்து எப்பிடிக் கொண்டு போறதெண்டு டீமுக்குச் சொல்லுறது அவர்தான். நூற்றுக்கணக்கான ஆட்ட முறையளை ஞாபகம் வைக்க ஏலாதெண்டு, பட்டியில எழுதி வைச்சிருப்பினம்."

"பிறகு பெரிய டீமுக்குப் போகேல்லையோ?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. இங்க வந்து சின்னக் கிளப்பில விளையாடினவர். தலையில அடி பட்டாலும் எழும்பி விளையாடுவார்."

அதுக்குள்ள அவர் பாலோட வந்திட்டார். மகளைக் கூப்பிட வாயெடுத்தவர், அப்பிடியே நிண்டிட்டார். பட்டியைத் திறந்தார். விரலால ஒவ்வொரு வரியாத் தேடினார்.

பிறகு சந்தோசமா, "எமிலி, போவமே?" எண்டார்.

"போவம், அப்பா" எண்டு அவ ஒண்டும் நடக்காத மாதிரிப் பையை வாங்கினா.

நான் அடிச்ச பகிடி அவருக்கு எப்பவோ மறந்திருக்கும். மன்னிப்புக் கேக்கிறதெண்டால், என்ன சொன்னனான் எண்டு முதல்ல நானே அவருக்கு ஞாபகப்படுத்தவேணும்.

நீங்களெண்டால் கேப்பியளோ?