நான் அணைக்க மறந்த பட்டன்

ஜெனரேட்டர் புகையும் கற்பூர வாசனையும் ஒண்ணா மூக்குல ஏறுன ஒரு சாயங்காலம்... சிங்கவரத்துல திருவிழா கச்சேரி. நான் கீபோர்டு. தொண்டூர்ல இருந்து வந்த மேகலா கிட்டார். எங்க ட்ரூப்ல அவளுக்கு அது மூணாவது மேடை. இன்னிக்கு நல்லா வாசிச்சா பர்மனென்ட்டுன்னு மாஸ்டர் சொல்லியிருந்தாரு.

நாலாவது பாட்டு டி மைனர் சுருதின்னு பேப்பர்லயே எழுதியிருந்துச்சு. கிட்டார் ஆரம்பிச்சு, நான் சேர்ந்ததும் ரெண்டும் ஒட்டவே இல்ல. கூட்டம் சிரிச்சுது. பாடறவரு என் சுருதிக்கே சாஞ்சுட்டாரு, என் சத்தம் தானே பெருசு.

எறங்கினதும் மாஸ்டர் என்னைத்தான் கேட்டாரு. "யாருப்பா சொதப்புனது?"

"கிட்டார் தான் மாஸ்டர். ட்யூனிங் எறங்கிடுச்சு."

சத்தியமா அப்படித்தான் நம்பினேன். மேகலா கிட்டாரை உறையில போட்டு, ஜிப்பை இழுத்து, பஸ்ஸுக்குப் போயிட்டா. அப்புறம் மாஸ்டர் அவளைக் கூப்பிடவே இல்ல.

இப்போ செஞ்சியில மியூசிக் தியரி க்ளாஸ் எடுக்கறேன். பாட்டைப் போட்டா எந்த இடத்துல எந்த கார்டு, அதாவது எந்த சுரக்கூட்டுன்னு லேப்டாப்ல காட்டற சாஃப்ட்வேர் வச்சிருக்கேன். போன வாரம், "தப்பா வாசிச்சா எப்படி இருக்கும் பாருங்க"ன்னு பெரிய இவனாட்டம் சிங்கவரம் கச்சேரியில எடுத்த பழைய ரெக்கார்டிங்கைப் போட்டேன்.

கிட்டார் மட்டும் வர்ற இடம்... டி மைனர்.
கீபோர்டு மட்டும் வர்ற இடம்... டி ஷார்ப் மைனர்.

"சார், டி மைனர்னு தானே சொன்னீங்க? அப்ப கிட்டார் தான் கரெக்ட்டு?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு.

தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. மூணாவது பாட்டுல பாடகிக்காக ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி அரை சுருதி ஏத்தினவன் நான்... திரும்ப எறக்கவே இல்ல. க்ளாஸை அப்படியே விட்டுட்டு வெளிய வந்து நின்னேன்.

நம்பர் தேடிப் புடிச்சு மேகலாவுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு தப்பு என்னுதும்மா."

"தெரியும்ணா. உங்க கீபோர்டுல அந்த ட்ரான்ஸ்போஸ் லைட்டு எரிஞ்சிட்டு தான இருந்துச்சு."

"அப்பவே இன்னாத்துக்கு சொல்லல?"

"மாஸ்டர் உங்கள தான கேட்டாரு. என்னை யாரும் கேக்கலியே."

அப்போ மேடையில அத்தனை பேரு இருந்தோம், பக்கத்துல நின்னவளை ஒரு வார்த்தை கேக்க ஒருத்தருக்கும் தோணல. இப்போ ஆம்பள பொம்பள, பழைய ஆளு புது ஆளு எதுவும் பாக்காம ஒரு லேப்டாப் சொல்லிடுது. வெக்கமா இருக்குது.

கிட்டார் இருக்குதான்னு கேட்டேன். இருக்குதாம். உறையோட ஜிப்பு துருப்புடிச்சு, தெறக்கத்தான் வரலியாம்.