அப்பா கட்டிய எஞ்சின் ரூம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய பெருமைகளைப் படிக்கவே விரும்புவார்கள். மூத்த மகனாகிய நான் என் தவற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கணியூரில் பிறந்த அப்பா, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து கொத்தனார் ஆனார். ஐம்பதுகளின் தொடக்கத்தில், அவ்வூர் ராயபுரத்தில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஆலைக்கு எஞ்சின் ரூம் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரண்டு முழக் கனத்தில் செங்கல் சுவர் எழுப்பினார். சூடு வெளியேற இரண்டு ஆள் உயரமுள்ள வளைவு ஜன்னல்கள் வைத்தார். அதிர்வு சுவரை எட்டாதபடி, எஞ்சினின் அஸ்திவாரத்தைச் சுவரோடு சேர்க்காமல் தனியே கட்டி, இடைவெளியில் மணலை நிரப்பினார். எஞ்சின் ஓடும்போது ஜன்னல் விளிம்பில் தண்ணீர்த் தட்டை வைத்துக் காட்டுவார். நீர் அசையாது.

அறுபதுகளில் ஆலை மின்சார மோட்டாருக்கு மாறியது. பாலிடெக்னிக் முடித்த நான் அங்கேயே மேற்பார்வையாளனாக இருந்தேன். புதிய இயந்திரத்தை உள்ளே கொண்டுவர, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவிலிருந்த தூணை இடிக்கச் சொன்னேன். கேள்விப்பட்டு அப்பா ஓடி வந்தார்.

"வேண்டாங்கண்ணு. ரெண்டு வளைவோட பாரமும் இந்தத் தூண்லதான் எறங்குது. எடுத்தா மேல நிக்காது."

முதலாளியும் ஆட்களும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தணிந்த குரல் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

"நீங்க பேசாம ஊட்டுக்குப் போங்கப்பா. இதையெல்லாம் நாங்க படிச்சிருக்கறமுங்க" என்றேன்.

தூணை எடுத்த மூன்றாம் நாள் பகலில் சுவர் சரிந்தது. பஞ்சுப் பொதி சுமக்கும் ராசப்பன் அண்ணனின் வலது கால் நசுங்கிப்போனது.

முதலாளி அப்பாவை வரவழைத்தார். "தூணை எடுத்தாலும் நிக்கும்னு உங்க பையன் சொன்னாருங்க. அப்ப நீங்க கட்டுனதுலதான் கோளாறுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க மொதலாளி. என்ற வேலையிலதான் கொறை இருந்திருக்கோணும்" என்றார் அப்பா.

என் வேலை நிலைத்தது. அப்பாவைப் பெரிய கட்டடங்களுக்கு யாரும் அழைக்கவில்லை. வேலம்பாளையத்தில் தொழிலாளர் வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்தே மீதிக் காலத்தைக் கழித்தார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. நெஞ்சு நோயால் படுத்திருந்த கடைசி நாட்களில், "அன்னிக்கு நானுங்கப்பா..." என்று தொடங்கினேன். "உடு கண்ணு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதையே சாக்காக வைத்து நிறுத்திக்கொண்டேன்.

இறுதிச் சடங்கன்று ராசப்பன் அண்ணன் கோலை ஊன்றி வந்தார்.

"உங்கப்பா மேல எனக்கு வருத்தமில்லீங்க தம்பி. அவரு என்ன, தெரிஞ்சா செஞ்சாரு?" என்றார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் முதல் பிரதியை ராசப்பன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது. நானே படித்துக் காட்டுவேன்.