மெம்பர் வீட்டில் ஒரு இடமாற்றம்

போன சனிக்கிழமை காலை எங்கள் மாகாண சபை மெம்பரைப் பார்க்கப் போயிருந்தேன். புத்தளம் டவுனில் எல்லோருக்கும் தெரிந்த வீடு. விறாந்தையில் வழக்கம்போல கதிரை நிறைய ஆசிரியர்கள். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை... டவுனுக்கு இடமாற்றம்!

மெம்பர் முன்பு கணக்கு வாத்தியார். சபையில் எதைப் பேச எழும்பினாலும் கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் வந்து நிற்பார். ரோட்டைப் பற்றிப் பேசினாலும், "அதால பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகணுமே?" என்பார். இடமாற்றம் கேட்பவர்களுக்கும் ஒரே பதில். "உங்கட இடத்துக்கு ஆள் வந்தா நாளைக்கே போங்க." ஆளைக் கடுப்பேற்றும் பதில்தான். ஆனாலும் மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று கடைசிக் கதிரையில் இருந்தது யார் தெரியுமா? அவருடைய மனைவி, நசீமா ராத்தா!

"என்ன நசீமா, நீங்க இங்க?"

"உங்கட பொஞ்சாதியா வரல்ல. ஒரு டீச்சர்ட உம்மாவா வந்திரிக்கிறன்."

மகள் ஹஸ்னா கற்பிட்டிக்கு அப்பால், வள்ளத்தில் போகவேண்டிய ஒரு தீவில் கணக்கு டீச்சர். பல வருடம் கேட்டுக் கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த ஒரே கணக்கு டீச்சர். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து இருப்பார்?

"மருமகன் இங்க வந்து யாரோட குடும்பம் நடத்துற? உங்களோடயும் என்னோடயுமா?"

விறாந்தையே சிரித்தது. மெம்பர் சிரிக்கவில்லை.

"ஸ்கூல்ல சோதின வருது நசீமா. மகள் வந்துட்டா அந்தப் பிள்ளைகளுக்கு யாரு?" ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மகள் அல்லவா?

கடைசியில் மெம்பர் மாப்பிள்ளைக்கே போன் போட்டார் — ஸ்பீக்கரில். அவரும் ஆசிரியர், டவுனில் சயன்ஸ் படிப்பிக்கிறார்.

"மாமா, நானே சொல்ல இருந்தன்... ஹஸ்னாட ஸ்கூலுக்கு மாற்றம் கேட்டிரிக்கிறன். அங்க சயன்ஸுக்கும் ஆள் இல்லயே. இங்க எங்கட ஸ்கூல்ல தேவைக்கும் கூட ஆள் இரிக்கு. ஹஸ்னாவும் ஓம் எண்டுட்டா. மாமிக்கிட்ட மட்டும் நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

மெம்பர் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

ராத்தா போனைப் பறித்தார். "மகன், மாமிக்கு எல்லாம் கேட்டிச்சு. சனி, ஞாயிறு ரெண்டு பேரும் இங்க வந்திரணும். விளங்குதா?"

எல்லாக் கல்யாணத்திலும் சீதனம் மாப்பிள்ளைக்குப் போகும். இங்கே மாப்பிள்ளையே சீதனமாக அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்!