தவண்ணன் அண்டைக்கு என்னை ஏன் வெளியில எடுத்தார் எண்டா...

தவண்ணன் போயிட்டார்.

நேத்துப் பின்னேரம் நெஞ்சுக்க நோகுது எண்டிருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர முதலே முடிஞ்சிட்டு.

தெரியாத ஆக்களுக்கு... பெரியகல்லாறில எங்கட புட்போல் கழகத்துக்கு ஏழு வருசம் மனேஜரா இருந்தவர். தொழில், பிரதேச சபைத் தண்ணி பவுசர் லொறி ஓட்டுறது. வேலை முடிஞ்ச கையோட காக்கிச் சட்டையோடயே பிரக்டிஸுக்கு வந்து நிப்பார்.

கிரவுண்டுக்குப் பக்கத்து வாவிக்குள்ள பந்து விழுந்தா எங்களை இறங்க விடமாட்டார். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தானே இறங்குவார். "சிப்பி காலை வெட்டினா நீங்க விளையாடேலா. எனக்கென்ன, பவுசர் ஓட்ட ஒரு கால் காணும்."

காலையில இருந்து கழக குரூப்ல ஒரே மெசேஜ். முதல் கொஞ்ச நேரம் மெழுகுதிரியும் கும்பிடுற கையும். மறுகா சண்டை தொடங்கிட்டுது...

"நல்ல மனிசன்தான். ஆனா அந்த ஃபைனலைத் தோக்க வச்சது அவர்தான்."

"அவர் வர முதல் நமக்கு ஒரு ஜேர்சி செட் கூட இல்ல. மறந்திட்டியா?"

"ஜேர்சியை வச்சு என்ன செய்யிற? மூணு ஃபைனல், ஒரு கப் இல்ல. முன்னுக்கு நிக்கக்குள்ள கேப்டனை வெளியில எடுத்த மனேஜரை எங்கயாவது கண்டிருக்கியா?"

ஒரு தம்பி என்னை டேக் பண்ணி, "கேப்டன், நீங்களே சொல்லுங்க" எண்டு போட்டிருக்கான்.

அந்தக் கேப்டன் நான்தான்.

குரூப்ல நாலு பேரோட முடியிற கதை இல்ல இது. இஞ்ச ஃபேஸ்புக்ல எழுதுறன். எல்லாரும் பாக்கட்டும்.

அந்த ஃபைனல் டவுன்ல நடந்தது. ஃபர்ஸ்ட் ஹாஃப்ல நான் கோல் அடிச்சன், ஒண்டுக்குச் சைபர். செகண்ட் ஹாஃப்ல ஒரு கோர்னர்... ஹெட் பண்ணப் பாய்ஞ்சன். அவங்கட பேக் விளையாடுற பொடியனும் பாய்ஞ்சான். ரெண்டு தலையும் மோதிச்சு.

ஒழும்பிட்டன். ரத்தம் ஒண்டும் இல்ல. சனம் கை தட்டிச்சு.

தவண்ணன் ஓடி வந்து என்ட முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சார். மெல்லத்தான் கேட்டார். "மனே, நாம எந்தப் பக்கம் அடிக்கிறம்?"

நான் கையைக் காட்டினன். எங்கட கோல் போஸ்டைக் காட்டினன்.

அவர் உடன கிறுகி பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினார். ஆள் மாத்தச் சொல்லி.

அவர் கேட்ட கேள்வி ஒருத்தர்ர காதிலயும் விழல்ல. நான் அவர்ர கையைத் தட்டி விட்டதையும், கேப்டன் பட்டியைக் கழட்டி அவர்ர காலடியில எறிஞ்சதையும் மட்டும் கிரவுண்டே பாத்தது.

ரெண்டுக்கு ஒண்டு. தோத்திட்டம்.

வான்ல வரக்குள்ள ஒருத்தரும் அவரோட கதைக்கல்ல. நானும்தான். வீட்ட வந்து தலை சுத்தி ரெண்டு தரம் சத்தி எடுத்தன்.

அடுத்த நாள் விடியவே வந்து மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய் ஸ்கேன் எடுப்பிச்சார். இன்னொரு அடி பட்டிருந்தா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம் எண்டு டொக்டர் சொன்னார். தவண்ணன்ர முகம் வெளிறிப் போயிட்டு.

அந்த நேரம் எனக்குக் கொழும்பு கிளப் ஒண்டில ட்ரயல்ஸ் வந்திருந்தது. தலையில அடி எண்டு கேள்விப்பட்டா எடுக்கமாட்டாங்க. "அண்ணன், ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" எண்டு அழுதன்.

"நாலு மாசத்துக்குப் பந்தைத் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. நான் சொல்லமாட்டன்."

பண்ணினன். தொடல்ல. நான் கோவத்தில விளையாடாம இருக்கன் எண்டு ஊர் நினைச்சது... நினைக்கட்டும் எண்டு விட்டுட்டன்.

அடுத்த மாசம் கழகக் கூட்டம். "கேப்டனை ஏன் எடுத்தீங்க? காரணத்தைச் சொல்லுங்க" எண்டு நாலா பக்கத்தாலயும் கத்தினாங்க.

அவர் என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

"அது என்ட முடிவு" எண்டார். அவ்வளவுதான்.

அவரை விலக்கிறதுக்குச் சம்மதமான ஆக்களைக் கை உயர்த்தச் சொன்னாங்க. நானும் உயர்த்தினன்.

ஓம்... நானும்.

நாலு மாசம் கழிஞ்சு ட்ரயல்ஸுக்குப் போனன். எடுபடல்ல. அதுக்குப் பிறகு ஒளிக்க ஒண்டும் இல்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. அவர் பிறகு கிரவுண்ட் பக்கமே வரல்ல.

போன கோடைக்குக் கிணறு வத்தி எங்கட ஒழுங்கைக்குப் பவுசர் வந்தது. அவர்தான் ஓட்டி வந்தவர். கேனோட வரிசையில நிண்டன். "தலையிடி ஏதும் வாறதா மனே?" எண்டு மட்டும் கேட்டார்.

"இல்லண்ணன்" எண்டன். மன்னிப்பு வாய் வரைக்கும் வந்தது. பின்னால சனம் நிண்டது. கேனைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

இண்டைக்கு அவர்ர வீட்ட போனன். அவர்ர மனிசி, நாங்க அக்கா எண்டு கூப்பிடுறவ, என்ட கையைப் பிடிச்சு, "நீதானே தம்பி கேப்டன்? அவரை ஏன் விலக்கினீங்க? எத்தின தரம் கேட்டிருப்பன்... அந்த மனிசன் வாயே திறக்கல்ல" எண்டா.

அவக்கும் சொல்லல்ல. கட்டின மனிசிக்கும் சொல்லல்ல.

வந்திருந்த சனத்துக்கு முன்னாலயே எல்லாத்தையும் சொன்னன்.

அக்கா பெட்டியில கிடந்த அவர்ர முகத்தைப் பாத்தா. "அப்ப அவர் சரியாத்தானே செய்திருக்கார்" எண்டா.

"ஓம் அக்கா. சரியாத்தான் செய்தவர்."

அதுக்குப் பிறகுதான் அவ சத்தம் போட்டு அழுதா.

குரூப்ல இன்னும் சண்டை பிடிக்கிற தம்பிமாருக்கு... ஏசுறதெண்டா எனக்கு ஏசுங்க.

நாளைக்குப் பின்னேரம் மூணு மணிக்குப் பிரேதம் எடுக்கிறாங்க. வரக்கூடிய ஆக்கள் வாங்க.

தவண்ணன்... நான் நல்லாப் பிந்திட்டன். ஆறுதலாப் போங்க.