சூளைச் செங்கலும் குதிரைத் தலையும்

மரகதம் மேடம் காலமாகிவிட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது, நான் சூளைக் கதவருகே நின்றிருந்தேன். கடைசியாக எடுத்த அந்த நட்சத்திரப் படத்தைப் பார்த்தாரா என்றுதான் கேட்டேன். பார்க்கவில்லையாம்.

போன வருடம்தான் எழுதக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் பெயரை என் கையாலேயே எழுதுவதில் எனக்குச் சந்தோஷம்.

மேடம் விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். உடனே டெலஸ்கோப்பும் கேமராவும் வாங்கினார். நகை வாங்கவில்லையா என்று தெருவே கேட்டது. நான் பீங்கான் யூனிட்டில் சூளை பார்ப்பவன். அமாவாசைக்கு யூனிட் லீவு. விளக்கு எரியாது, சூளை மட்டும் ஆறிக்கொண்டிருக்கும். அந்த இருட்டுக்காகவே முதலாளியிடம் கேட்டு யூனிட் மொட்டை மாடிக்கு வந்தார்.

கண்ணுக்குத் தெரியாத மங்கலானவற்றைத்தான் தேடுவார். நெடுநேரம் கேமராவைத் திறந்துவைத்துப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அவை தெரியும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் குதிரைத் தலை போல ஒரு கரும்புகை இருக்கிறதாம். அதன்மேல்தான் அவருக்கு ஆசை.

மார்கழிப் பனி டெலஸ்கோப் கண்ணாடியில் இறங்கிப் படத்தைக் கெடுத்தது. சூளையிலிருந்து ஒரு செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் டெலஸ்கோப் குழாயின் கீழே வைத்தேன். பனி போனது, சூட்டில் நட்சத்திரமெல்லாம் துடித்தது.

"ஏண்ணே, நட்சத்திரத்தையும் சுட்டு எடுக்கப் பாக்குறீங்களா?" என்று சிரித்தார். அதன்பின் செங்கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதமான சூட்டில் வைக்கப் பழகினோம்.

தை அமாவாசைக்கு அவருக்கு மூச்சிரைப்பு. பனியில் போகவே கூடாது என்றார் டாக்டர்.

"இன்னும் ஒரு ராத்திரி எடுத்தா போதும்ணே. நீங்க பாத்துக்கங்க" என்றார் மேடம்.

மகன் கேமராவை ஓடவிட்டு அம்மாவிடம் திரும்பிவிட்டார். நான் தனியே நின்றேன். செங்கல் ஆறினால் பனி, சுட்டால் துடிப்பு. டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்க்கவும் வழியில்லை. வெளிச்சம் பட்டால் படம் போய்விடும். கன்னத்தில் வைத்து வைத்துச் செங்கல்லை மாற்றினேன். கேமரா நின்றதும், சொன்னபடி இருட்டிலேயே மூடியைப் போட்டேன்.

விடிந்ததும் மேடம் போனில் கேட்டார்: "அண்ணே, கண்ணாடியில பனி எறங்கிடுச்சா?"

"தெரியலைங்க மேடம்" என்றேன். அதற்குப் பிறகு மூச்சிரைப்பு முற்றி, நாங்கள் பேசவே முடியாமல் போயிற்று.

கருமாதியன்று மகன் அந்தப் படத்தை அடுக்கி முடித்துக் கொண்டுவந்து, மாலை போட்ட போட்டோவின் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் பார்த்து நகர்ந்த பிறகே கிட்டே போனேன். சிவந்த வெளிச்சத்தின் நடுவில், கறுப்பாக, பிடரி வளைவோடு குதிரை தலை குனிந்து நின்றது. சுற்றிலும் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருந்தன.

மேடம், பனி எறங்கலைங்க. நிம்மதியா போயிட்டு வாங்க.