பதினொரு பேர் பிறந்த நாள்

அலுவலகத்தில் அவளைத் தேதியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அந்த நாளிதழின் மூன்றாம் பக்கத்து மூலையில் ‘இதே நாளில்’ என்று ஒரு பத்தி வரும். இன்னார் பிறந்தார், இன்னார் இறந்தார், இன்ன ஆற்றில் பாலம் திறந்தார்கள் என்று பத்துப் பன்னிரண்டு வரி. இருபத்திரண்டு வருஷமாக அதை எழுதியவள் அவள்தான். மாடிப்படிக்கு அடியில் அவள் அறை. அங்கே நாளுக்கு ஒன்றாக முன்னூற்று அறுபத்தாறு அட்டை உறைகள். பிப்ரவரி இருபத்தொன்பதின் உறை மட்டும் இளைத்துக் கிடக்கும். “பாவம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதுக்குச் சாப்பாடு” என்பாள்.

தேதி விஷயத்தில் அவள் புலி. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை சறுக்கினாள். யாரோ சொன்னதை நம்பி, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு அன்று பிறந்த நாள் என்று போட்டுவிட்டாள். மறுநாள் அந்த மனிதரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார். “ஏம்மா, நான் பொறந்தப்ப நீ பக்கத்துல இருந்தியா?” அன்றே ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினாள்: முத்திரை குத்திய தாளில் பிறந்த தேதி இல்லாத எவருக்கும் பத்தியில் இடமில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதே விதி ஒருநாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற வேலை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பர் மூன்றாம் தேதி, அந்தக் கட்டிடம் தீப்பிடித்தது. வேலை நேரத்தில் யாரும் எழுந்து போய்விடக் கூடாதென்று கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே பதினொரு பெண்கள். தங்கையும் அதில் ஒருத்தி. பூட்டச் சொன்னவன் யார் என்று ஒருவனாவது கேட்டானா? மின்கசிவு என்று ஒரே சொல்லில் முடித்து, காதும் காதும் வைத்த மாதிரி கோப்பை மூடிவிட்டார்கள்.

அநியாயம் அதோடு நின்றதா? தொழிற்சாலை முதலாளி பிறந்ததும் ஒரு செப்டம்பர் மூன்று! வருஷா வருஷம் அன்று முதல் பக்கம் முழுக்க அவருக்கு வாழ்த்து விளம்பரம். மூன்றாம் பக்கத்தில் ‘தொழிலதிபர், கொடை வள்ளல் பிறந்த நாள்’ என்று ஒரு வரி. தங்கையைப் பறிகொடுத்தவளே அதைத் தன் கையால் எழுத வேண்டும். எழுதினாள். அதற்குக் கீழேயே, ‘சட்டைத் தொழிற்சாலைத் தீயில் பதினொரு பெண்கள் இறந்தனர்’ என்றும் எழுதினாள். வருஷம் தவறாமல் மேல் வரி அச்சேறியது. கீழ் வரியை ஆசிரியர் அடித்தார்.

போன வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், இந்த வரி என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது உள்ளூர் சமாச்சாரம்மா. நம்ம பத்தி உலக வரலாறு.”

“அவர் பொறந்தது மட்டும் உலக வரலாறா?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோவப்படாதீங்க. அந்தப் பதினொரு பேரும் என்னைக்குப் பொறந்தாங்கன்னு உங்ககிட்ட தாள் இருக்கா? தாள் இல்லாதவங்களுக்கு இடமில்லைன்னு நீங்கதானே ஒட்டி வச்சிருக்கீங்க?”

அவள் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தாள்தானே வேண்டும்? விடுமுறை நாளெல்லாம் அலைந்து, செத்துப்போனவர்களின் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பெற்றவர்கள் பெட்டியின் அடியிலிருந்து பள்ளிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார்கள். முதல் தாளில் ஜூன் ஒன்று. இரண்டாவதிலும் ஜூன் ஒன்று. நாலாவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சான்றிதழ்படி அவளும் தங்கையும்கூட ஜூன் ஒன்றுதான், வருஷம் மட்டும் வேறு. பிள்ளை பிறந்த தேதி தெரியாதவர்கள் வந்து நின்றால், பள்ளி திறக்கிற நாளையே எழுதிக்கொள்வது அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரின் வழக்கம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் படித்தது அந்தப் பள்ளியில். பதினொரு பேருக்கும் ஜூன் ஒன்று!

ஒரு தாய் சொன்னாள்: “அவ கொட்டுற மழையில பொறந்தாம்மா. அதையெல்லாம் யாரு கேட்டா?”

அவள் சான்றிதழ்களை மறுபடி விரித்துப் பார்த்தாள். இறந்த நாளை முதலாளி எடுத்துக்கொண்டார். பிறந்த நாளை ஒருவரும் கேட்டு எழுதக்கூட இல்லை. இப்படியும் ஒரு கொடுமை உண்டா? ஆனால் முத்திரை மட்டும் ஒவ்வொரு தாளிலும் பளிச்சென்று இருந்தது.

செப்டம்பர் மூன்றின் பத்தியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற ஆசிரியர், ஜூன் ஒன்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார். விளம்பரம் கொடுக்கிற பெரிய மனிதர் யாரும் அன்று பிறக்கவில்லை. தேதியக்கா ஜூன் ஒன்றின் உறையைத் திறந்து, ராஜா, விஞ்ஞானி, பாடகர் எல்லோரையும் ஓரமாக எடுத்து வைத்தாள். “ஒரு வருஷம் லீவு எடுத்துக்குங்க ஐயாமாரே.” பிறகு எழுதினாள். பதினொரு பெயர், பிறந்த வருஷம், தொழில்: பொத்தான் வைப்பவர், காலர் தைப்பவர், இஸ்திரி போடுபவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ‘இறப்பு: செப்டம்பர் மூன்று, பூட்டிய கதவுக்குள்.’

பத்திரிகை வந்த காலையில் ஆசிரியரின் தொலைபேசி ஓயவில்லை. முதலாளியின் ஆள் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? நாளைக்கே திருத்தம் வரணும். நீங்களே எழுதுங்க!”

அவள் பதினொரு சான்றிதழ் நகலையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

“எழுதுறேன் சார். எதைத் திருத்தணும்னு சொல்லுங்க. பேரையா? தேதியையா? இல்ல, கதவு திறந்துதான் இருந்துச்சுன்னு எழுதட்டுமா?”

ஆசிரியர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

மறுநாள் திருத்தம் வரவில்லை. தேதியக்காவுக்கு வேலையும் இல்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டவள், பதினொரு நகலையும் செப்டம்பர் மூன்றின் உறைக்குள், மேலாக வைத்தாள். அடுத்து வேலைக்கு வருகிறவர் முதலாளியின் பிறந்த நாளை எழுத அந்த உறையைத் திறந்துதானே ஆக வேண்டும்.